பாத ரிஃப்ளெக்ஸாலஜி சீன மருத்துவம்தானா? சர்க்கரை உள்ளவர்கள் போகலாமா?

பாதத்தின் ஒவ்வோர் இடமும் ஓர் உறுப்போடு தொடர்புடையது என்று சொல்லி அழுத்துவதுதான் ரிஃப்ளெக்ஸாலஜி. அதைப் பற்றி நீங்கள் கேட்டதில் முக்கியமாக மூன்று விஷயங்கள் இருக்கின்றன. சிங்கப்பூர் சைனாடவுனில் ஒரு பாத மசாஜ் கடைக்காரர் உங்கள் அம்மாவின் உள்ளங்காலை அழுத்தியிருக்கிறார். அம்மா வலியில் கத்திய இடத்தைச் சுவரில் மாட்டியிருந்த படத்தில் காட்டி "கிட்னி வீக்" என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பலாமா? படத்துக்குக் கீழே "5000 ஆண்டுச் சீன மருத்துவம்" என்று போட்டிருந்ததே, அது உண்மையா? பல வருடமாகச் சர்க்கரை உள்ள அம்மாவுக்கு ஊரிலும் இதைத் தொடரலாமா?

கிட்னி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அம்மா அந்தக் கவலையில்தான் தூங்காமல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உள்ளங்காலை அழுத்திப் பார்த்துச் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்ல யாராலும் முடியாது. அது ஒரு பக்கம் இருக்கட்டும், சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது சிறுநீரில் ஆல்புமினும் ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது பார்த்தது என்று நினைவில்லை என்றால் இந்த வாரமே லேபில் கொடுத்துவிடுங்கள். சர்க்கரையால் சிறுநீரகம் கெடத் தொடங்கும் காலத்தில் காலிலும் வலிக்காது, இடுப்பிலும் வலிக்காது. அந்த இரண்டு பரிசோதனைகளில்தான் தெரியும்.

இனி அந்தப் படம். கட்டைவிரலில் மூளை, விரல் அடியில் கண்ணும் காதும், அதற்குக் கீழே நுரையீரல், நடுவில் சிறுநீரகம், குதிகாலில் இனப்பெருக்க உறுப்புகள் என்று வண்ண வண்ணமாகப் பாதத்தைப் பங்கு போட்டிருக்கும் அந்தப் படத்தின் பூர்வீகம் அமெரிக்கா. கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்று ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் இருந்தார். விரலின் குறிப்பிட்ட இடத்தை இறுக்கினால் முகத்தில் அதற்கு நேரான பகுதி மரத்துப்போகிறது என்று அவருக்குத் தோன்றியது. உடம்பைத் தலை முதல் கால் வரை நெடுக்காகப் பத்துப் பட்டைகளாகப் பிரித்தார், பக்கத்துக்கு ஐந்து. ஒரு பட்டையில் எங்கே அழுத்தினாலும் அதே பட்டையில் உள்ள வேறு உறுப்பின் வலி குறையும் என்பது அவர் கொள்கை. ரப்பர் பேண்டு, துணி உலர்த்தும் கிளிப், உலோகச் சீப்பு இவைதான் கருவிகள். 1917-இல் எட்வின் பவர்ஸ் என்பவரோடு சேர்ந்து இதை நூலாகவும் வெளியிட்டார்.

அவரிடமிருந்து ஜோ ஷெல்பி ரைலி என்ற மருத்துவருக்கும், ரைலியோடு ஃபுளோரிடாவில் வேலை பார்த்த யூனிஸ் இங்கம் என்ற பெண்மணிக்கும் இந்த முறை போனது. 1930-களில் நூற்றுக்கணக்கான பாதங்களை அழுத்திப் பார்த்து, எங்கே அழுத்தினால் எந்த உறுப்பு என்று பாதத்துக்கென்றே தனிப் படம் வரைந்தவர் இங்கம்தான். 1938-இல் அவர் நூல் வந்தது. இன்றைக்கு உலகத்தில் எந்த மசாஜ் கடைச் சுவரைப் பார்த்தாலும் அங்கே தொங்குவது அந்தப் படத்தின் பேரனோ கொள்ளுப்பேரனோதான்.

சீனர்களிடம் இது போய்ச் சேர்ந்த வழிதான் எனக்குப் பிடித்த பகுதி. ஹெடி மசாஃப்ரே என்ற சுவிட்சர்லாந்துச் செவிலியர் இந்த முறையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். ஜோசப் ஆய்க்ஸ்டர் என்ற சுவிஸ் கத்தோலிக்கப் பாதிரியார் 1970-இல் தைவானுக்கு ஊழியம் செய்யப் போனார். தைதுங் மாவட்டத்தில் கடலோரமாகச் சாங்பின் என்ற ஊர், பழங்குடி மக்கள் அதிகம் உள்ள பகுதி. பாதிரியாருக்கோ தீராத மூட்டுவலி. கூட இருந்த ஒரு சுவிஸ் சகோதரர் மசாஃப்ரேயின் நூலைக் கொடுக்க, அதைப் படித்துத் தன் காலைத் தானே அழுத்திக்கொண்டிருக்கிறார். வலி குறைந்ததும் பங்கு மக்களுக்குச் செய்தார், பிறகு கற்றுக்கொடுத்தார். 1980-களின் தொடக்கத்தில் செய்தித்தாள், தொலைக்காட்சி என்று பரவித் தீவு முழுக்க அலை அடித்தது. அவருடைய சீனப் பெயரான வூ ருவோஷியை வைத்து "ருவோஷி முறை" என்றே பெயர் வந்துவிட்டது. அங்கிருந்து ஹாங்காங், மலேசியா, சிங்கப்பூர், பிறகு சீனப் பெருநிலம். அமெரிக்கப் படம் சுவிட்சர்லாந்து வழியாக ஒரு பாதிரியார் கையில் தைவானில் இறங்கி, அங்கே சீனச் சட்டை போட்டுக்கொண்டது. பாதிரியாரின் பெயரைச் சுவரில் போட்டால் வியாபாரத்துக்கு எடுப்பாக இருக்காது, அதனால் 5000 ஆண்டு.

எகிப்திலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. சக்காராவில் அங்க்மஹோர் என்பவரின் கல்லறைச் சுவரில், கி.மு. 2300 வாக்கில், ஒருவர் காலை இன்னொருவர் பிடித்திருக்கும் சிற்பம் இருக்கிறது. நகம் வெட்டுகிறாரா, புண்ணுக்கு மருந்து போடுகிறாரா என்று அறிஞர்களே வாதிடும் காட்சி அது. ரிஃப்ளெக்ஸாலஜி என்று சொல்ல அதில் ஆதாரம் எதுவும் இல்லை.

அப்படியென்றால் சீன மருத்துவத்தில் பாதத்துக்கு இடமே இல்லையா? தாராளமாக இருக்கிறது. ஆனால் அது வேறு வரைபடம். அக்குபங்சரில் சொல்லும் பன்னிரண்டு மெரிடியன்களில், அதாவது உயிர்ச்சக்தி ஓடுவதாகச் சொல்லும் பாதைகளில், ஆறு பாதத்தோடு தொடர்புடையவை. மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகம் ஆகிய மூன்றின் பாதைகள் பாதத்தில் தொடங்கி மேலே ஏறுகின்றன. இரைப்பை, பித்தப்பை, சிறுநீர்ப்பை ஆகிய மூன்றும் மேலிருந்து இறங்கி வந்து கால்விரலில் முடிகின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தொகுக்கப்பட்ட ஹுவாங்தி நெய்ஜிங் என்ற சீன மருத்துவ நூலிலேயே இந்தப் பாதைகள் வருகின்றன.

இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைப் படத்தில் கட்டைவிரல் மூளை. அக்குபங்சரில் அதே விரலின் நகத்துக்கு ஒரு பக்கம் மண்ணீரல் பாதை தொடங்குகிறது, மறுபக்கம் கல்லீரல் பாதை. இரண்டாம் விரல் படத்தில் கண், அக்குபங்சரில் இரைப்பை. சுண்டுவிரல் படத்தில் காது, அக்குபங்சரில் சிறுநீர்ப்பை. பாதத்தின் உள்விளிம்பு முழுக்கப் படத்தில் முதுகெலும்பு; அக்குபங்சரில் மண்ணீரல் போகும் வழி. கல்லீரல் வலப் பக்கம் இருப்பதால் படத்தில் வலது பாதத்தில் மட்டும் போட்டிருப்பார்கள். சீன மருத்துவத்தில் கல்லீரல் பாதை இரண்டு காலிலும் ஓடுகிறது. இது போதாதென்று படங்களுக்குள்ளேயே சண்டை. இங்கம் வழி வந்த படத்தில் இடது கண் இடது பாதத்தில் இருக்கும், தைவான் வழிப் படத்தில் தலையும் கண்ணும் காதும் பக்கம் மாறி எதிர்ப் பாதத்துக்குப் போய்விடும்.

இரண்டும் ஒத்துப்போகும் ஒரே இடம் உங்கள் அம்மா கத்திய இடம்தான் என்பது வேடிக்கை. கால்விரல்களை உள்பக்கமாக மடக்கினால், உள்ளங்காலின் முன்பகுதியில் ஒரு குழி விழும். அங்கே இருக்கும் புள்ளிக்கு யோங்ச்சுவான் என்று பெயர், பொங்கும் ஊற்று என்று பொருள். சிறுநீரக மெரிடியனின் முதல் புள்ளி. பன்னிரண்டு பாதைகளுக்கும் சேர்த்து உள்ளங்காலில் இருக்கும் புள்ளி இது ஒன்றுதான். படத்தில் சிறுநீரகம் என்று போட்டிருக்கும் இடம் இதற்குச் சற்றே பக்கத்தில் வருகிறது. சீன வீடுகளில் தூங்குவதற்கு முன் இந்த இடத்தைச் சூடேறும் வரை தேய்த்துவிடும் பழக்கம் உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சீன மருத்துவர் "கிட்னி பலவீனம்" என்று சொன்னால் லேப் ரிப்போர்ட்டில் வரும் சிறுநீரகத்தைச் சொல்லவில்லை. அந்த மருத்துவத்தில் சிறுநீரகம் என்பது எலும்பு, முடி, காது, வளர்ச்சி, பிள்ளைப்பேறு, முதுமை எல்லாவற்றையும் ஆளும் ஒரு தொகுதி. இடுப்பு வலி, முழங்கால் தளர்ச்சி, ராத்திரியில் அடிக்கடி எழுந்து போவது, காதில் ரீங்காரம் என்றெல்லாம் அறுபது வயதுக்காரர் யார் போய்ச் சொன்னாலும் அந்த முடிவுதான் வரும். ஆண்களைப் பற்றிச் சீனர்கள் பேச்சுவாக்கில் அதே வார்த்தையைச் சொன்னால் கிண்டலாக வேறு அர்த்தமும் உண்டு. முறையாகப் படித்த சீன மருத்துவர் அந்த முடிவுக்கு மணிக்கட்டில் நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, நிறையக் கேள்வி கேட்டுத்தான் வருவார். உள்ளங்காலைக் குத்திப் பார்த்துச் சொல்ல மாட்டார்.

பிறகு ஏன் அங்கே அப்படி வலித்தது? ருவோஷி பாணியில் கட்டைவிரலால் மென்மையாகத் தடவுவதில்லை. ஆள்காட்டி விரலை மடக்கி முட்டியால் அழுத்தி இழுப்பார்கள், சில கடைகளில் மரக்குச்சி. உள்ளங்காலின் நடுவில் தோலுக்கு அடியில் கெட்டியான சவ்வு, சிறு தசைகள், விரல்களை மடக்கும் தசைநாண்கள், அவற்றுக்கிடையே நரம்புகள் இருக்கின்றன. முட்டியால் குத்தினால் யாருக்கும் வலிக்கும். நாள் முழுக்க ஊர் சுற்றிய காலுக்கு இன்னும் வலிக்கும். "அடைப்பு இருந்தால் வலி, அடைப்பு நீங்கினால் வலி இல்லை" என்று சீன மருத்துவத்தில் ஒரு பழமொழி உண்டு. மசாஜ்காரர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. நறநறவென்று விரலில் தட்டுப்படுவது யூரிக் அமிலப் படிகம், அதைக் கரைக்கிறேன் என்றும் சொல்வார்கள். யூரிக் அமிலம் உண்மையிலேயே கட்டைவிரல் மூட்டில் படிந்தால் அது கவுட். அந்த வலியில் காலின் மேல் போர்வை பட்டாலே ஆள் துடிப்பார், முட்டியால் குத்த விடவே மாட்டார்.

வலித்த இடத்தை வைத்து நோய் சொல்வதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2000-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஆறு குறிப்பிட்ட நோய்களில் ஒன்றோ பலவோ உள்ள 18 பேரின் பாதங்களை இரண்டு ரிஃப்ளெக்ஸாலஜிஸ்டுகள் நோய் விவரம் தெரியாமல் பரிசோதித்தார்கள். நோய் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் அவர்கள் கொடுத்த மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதும் கூடப் பொருந்தவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் கேட்ட கேள்வி சரியானது.

சிகிச்சையாகப் பலன் உண்டா என்பதற்கும் பதில் ஏறக்குறைய இதே திசையில்தான். மாற்று மருத்துவ முறைகளை ஆராயும் எட்சார்ட் எர்ன்ஸ்ட் 2009-இல் 18 கட்டுப்பாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் இது பலன் தருவதாக நம்பத்தகுந்த சான்று இல்லை என்று எழுதினார். ஆஸ்திரேலிய அரசு இயற்கை மருத்துவ முறைகளை ஆராய்ந்து 2015-இல் அறிக்கை வெளியிட்டது, அதில் ரிஃப்ளெக்ஸாலஜியும் தேறவில்லை. 2019 ஏப்ரல் முதல் தனியார் காப்பீட்டில் அரசு மானியம் கிடைக்கும் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது.

எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் பட்டது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குவென் வயட் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு. முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு சிகிச்சையில் இருந்த பெண்களில் ஒரு குழுவுக்கு முறைப்படி ரிஃப்ளெக்ஸாலஜி, இன்னொரு குழுவுக்குப் பயிற்சி இல்லாதவர்கள் சும்மா காலைப் பிடித்துவிடுவது, மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ரிஃப்ளெக்ஸாலஜி குழுவில் மூச்சுத்திணறல் குறைந்தது, அன்றாட வேலைகளும் எளிதாகின. சும்மா பிடித்துவிட்ட குழுவிலோ களைப்பு குறைந்தது. வலி, குமட்டல், மனச்சோர்வு இவற்றில் குழுக்களுக்கிடையே வித்தியாசம் தெரியவில்லை. கால் பிடித்துவிடுவதில் ஏதோ நல்லது இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் வரைபடத்தால் வரும் பங்கு எவ்வளவு, ஒரு மனிதர் அரை மணி நேரம் அக்கறையாகக் காலைப் பிடித்துவிடுவதால் வரும் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. என் கணக்கில் பெரும்பங்கு இரண்டாவதுக்கு.

கூழாங்கல் நடைபாதை பற்றியும் கேட்டிருந்தீர்கள். சீனப் பூங்காக்களில் முதியவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பார்கள், சிங்கப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கீழேயும் போட்டிருக்கிறார்கள். 2005-இல் அமெரிக்காவின் ஒரேகானில் ஃபுஜோங் லீ குழுவினர் 60 வயது தாண்டிய 108 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியைக் கூழாங்கல் போன்ற மேடு பள்ளம் உள்ள விரிப்பிலும் மறுபாதியைச் சாதாரணமாகவும் 16 வாரம் நடக்க வைத்தார்கள். விரிப்பில் நடந்தவர்களுக்குத் தள்ளாட்டம் குறைந்து, ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கியது. ஒவ்வொரு கல்லும் ஒவ்வோர் உறுப்பைத் தொடுகிறது என்று நம்ப வேண்டிய அவசியம் இதில் இல்லை. சமமில்லாத தரையில் கால் வைக்கும்போது உள்ளங்கால் நரம்பும் கணுக்கால் தசையும் வேலை செய்கின்றன, அதில் நடை திடப்படுவது இயல்புதான். காலில் உணர்ச்சி நன்றாக உள்ளவர்களுக்குப் பரிந்துரைப்பேன். அம்மாவுக்கு அல்ல.

இப்போது அம்மா. அழைத்துப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். பிரிட்டனில் இப்ஸ்விச் சோதனை என்பார்கள். அம்மா கண்ணை மூடிக்கொள்ளட்டும். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அம்மாவின் காலில் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒவ்வொன்றாக ஓரிரண்டு நொடி லேசாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டதும் "வலது", "இடது" என்று சொல்லச் சொல்லுங்கள். இரண்டு காலுக்கும் சேர்த்து ஆறு இடம். அதில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் நரம்பு மரத்திருக்க வாய்ப்பு அதிகம், மசாஜ் நாற்காலிக்குப் பதிலாகச் சர்க்கரை மருத்துவரிடம் போய்க் காலைக் காட்டுங்கள். அங்கே மோனோஃபிலமென்ட் என்ற மெல்லிய நைலான் இழையால் குத்திப் பார்ப்பார்கள், கணுக்காலில் நாடித்துடிப்பும் பார்ப்பார்கள்.

சோதனையில் தேறினாலும், முட்டி குச்சி பாணி அம்மாவுக்கு வேண்டாம். கையால் மிதமாகப் பிடித்துவிடுவது போதும், அதை நீங்களே செய்யலாம். சீனக் கடைகளில் மசாஜுக்கு முன் மரத்தொட்டியில் மூலிகைச் சுடுநீரில் காலை ஊறவைப்பார்கள். மாசிபத்திரி வகை இலை, இஞ்சி எல்லாம் போட்டு நல்ல வாசனையாக இருக்கும், களைத்த காலுக்கு அதைப் போல் சுகம் கிடையாது. ஆனால் சர்க்கரைக்காரர்களுக்கு இந்தக் கலையில் மிக ஆபத்தான கட்டமே அதுதான். சூடு தெரியாமல் தோல் வெந்துபோகும், ஊறி மெலிந்த தோல் வெடிக்கும், விரலிடுக்கில் ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும். ஊறவைக்கவே வேண்டாம் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, குதிகாலுக்கும் உள்ளங்காலுக்கும் தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவி, விரலிடுக்கில் மட்டும் தடவாமல் விட்டுவிடுங்கள்.

சீனக் கடைகளில் கால் ஆணியையும் தடித்த தோலையும் கத்தியால் சீவிவிடும் சேவையும் சேர்ந்தே இருக்கும். அது உண்மையிலேயே பழைய கலை. யாங்ஜோ ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த மூன்று கத்திகள் என்று சீனர்கள் சொல்வார்கள்: சமையல் கத்தி, சவரக் கத்தி, பாதம் சீவும் கத்தி. கைதேர்ந்தவர் சீவுவதைப் பார்க்கவே அழகாக இருக்கும். அம்மாவின் காலில் மட்டும் அந்தக் கத்தி படக்கூடாது, நம்மூர் பியூட்டி பார்லர் பிளேடும் படக்கூடாது. பழைய சீன வைத்தியத்தில் மூக்கில் ரத்தம் வந்தால் பூண்டை அரைத்து உள்ளங்காலில் கட்டுவதும் உண்டு. பச்சைப் பூண்டு தோலைக் கொப்புளமாக்கும் என்பதால் வாட்ஸ்அப்பில் வந்தாலும் செய்ய வேண்டாம்.

மற்றவர்களில் யார் போகக்கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன், இதே கேள்வியோடு வேறு யாராவது படிக்கக்கூடும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அழுத்தினால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. இந்த நிலையில் மசாஜ் கடைக்கல்ல, மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், காலில் புண், சமீபத்திய எலும்பு முறிவு, கவுட் வீக்கம் உள்ளவர்கள் தவிர்க்கட்டும். கர்ப்பிணிகள் விஷயத்தில், உள் கணுக்காலுக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் உள்ள சான்யின்ஜியாவ் என்ற புள்ளியை அழுத்தக்கூடாது என்று சீன மருத்துவமே விலக்கி வைத்திருக்கிறது. அதே மருத்துவத்தில் குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருந்தால் சுண்டுவிரல் நகத்தோரப் புள்ளிக்கு மாசிபத்திரி வகை இலைச் சுருளால் சூடு காட்டும் முறையும் உண்டு. 1998-இல் வந்த ஆய்வில், சூடு காட்டியவர்களில் 35-ஆவது வாரத்தில் 75 சதவீதத்தினருக்கும் காட்டாதவர்களில் 48 சதவீதத்தினருக்கும் குழந்தை திரும்பியிருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் அவ்வளவு தெளிவாக இல்லை. அது மருத்துவர் மேற்பார்வையில் செய்ய வேண்டியது, மாலில் இருக்கும் ஸ்பாவில் அல்ல.

பொருட்காட்சியில் வாங்கி வைத்திருப்பதாகச் சொன்ன முள்முள்ளான அக்குபிரஷர் செருப்பை உங்களுக்கு உணர்ச்சி சரியாக இருந்தால் நீங்கள் வீட்டுக்குள் பத்து நிமிடம் போட்டுக்கொள்ளுங்கள். அம்மா கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அவருக்கு மெத்தென்று உள்ளடி உள்ள, விரல் மறைத்த, எம்.சி.ஆர். என்ற மென்ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுங்கள். ராத்திரி படுக்கப்போகும் முன் இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அதோடு பத்து நிமிடம் பிடித்தும் விடுங்கள்.